குப்பை ட்ரக்டர் போனாப் பிறகு: உங்கட போத்தலும் பேப்பரும் எங்க போகுது, அதுக்கு வீட்டில என்ன செய்யோணும்

திருகோணமலையில குப்பை பிரிக்கிறதைப் பற்றிக் கதை எடுத்தாலே ஆரோ ஒராள் கட்டாயம் கேட்பார், நாங்க மினக்கெட்டுப் பிரிச்சுக் குடுத்து என்ன பிரயோசனம், கடைசியில எல்லாத்தையும் ஒண்டாத்தானே கொட்டப்போறாங்க எண்டு. கேள்வி நியாயம்தான். ஆனா ட்ரக்டர் எங்கட ஒழுங்கையைத் தாண்டினாப் பிறகு என்ன நடக்குது எண்டு தெரிஞ்சா, வீட்டில எதைச் செய்யோணும் எதுக்கு மினக்கெடத் தேவையில்ல எண்டு தன்பாட்டில விளங்கிடும். அதைத்தான் எழுதுறன், கொஞ்சம் நீளம், பொறுமையா வாசியுங்கோ.

முதல்ல விளங்க வேண்டியது, ஒரு சாமான் மீள்சுழற்சிக்குப் போறது ஆராவது அதைக் கிலோ கணக்கில காசு குடுத்து வாங்கிறதாலதான். உள்ளூராட்சிச் சபையிட சேகரிப்பு நிலையமா இருந்தாலும் சரி, போத்தல் பேப்பர் பழைய இரும்பு எண்டு கூப்பிட்டுக்கொண்டு சைக்கிளில வாற ஐயாவா இருந்தாலும் சரி, பார்க்கிறது மூண்டு விசயம்: ஒரே சாதிச் சாமானா, காய்ஞ்சு கிடக்கா, ஊத்தை இல்லையா. இந்த மூண்டும் சரியெண்டா அதுக்கு ஒரு விலை இருக்கு, விலை இருந்தா அது ஊரைவிட்டு லொறி ஏறும். மூண்டில ஒண்டு பிழைச்சாலும் குப்பை மேட்டுக்குத்தான். பிறகு நீங்க அதை எந்த நிறப் பைக்குள்ள போட்டிருந்தாலும் கணக்கில்ல.

ட்ரக்டரில ஏறுற சாக்கு பிரிக்கிற இடத்தில இறங்கும். அங்க பெரிய மெசின் ஒண்டும் இருக்காது, சீமெந்துத் தரை, தராசு, சாக்கு அடுக்கு, கையுறை போட்ட ரெண்டு மூண்டு அக்காமார். சாக்கின்ட வாயை வெட்டிக் கவிழ்த்துவிடுவாங்க. அந்த நேரம் உள்ளுக்க இருந்து என்ன விழுதோ அதுதான் முழுச் சாக்கின்ட தலையெழுத்து. காய்ஞ்ச போத்தல் கலகலவெண்டு உருளும், கை டக்கு டக்கெண்டு பிரிச்சுக்கொண்டு போகும். அதுக்குள்ள ஒரு சோத்துப் பார்சல் உடைஞ்சிருந்தா மீன்குழம்பு எல்லாத்திலயும் ஊறி, பேப்பர் போத்தலோட ஒட்டி, புழு வைச்சு, அந்தச் சாக்கை அப்படியே ஓரமாத் தள்ளிடுவாங்க. ஆற்ற பிழையும் இல்ல, ஒருத்தரும் அதைக் கழுவி விக்கேலாது, தண்ணிக்கும் கூலிக்கும் கட்டாது.

அதால வீட்டில செய்யவேண்டிய பெரிய வேலை, எல்லாத்திலயும் பெரிய வேலை, உக்கிறதையும் உக்காததையும் ஒரே வாளியில போடாம விடுறது. எங்கட நாட்டில வீட்டுக் குப்பையில பாதிக்கு மேல உக்கிற சாமான்தான், மரக்கறித்தோல், சோறு, மீன் செதில், தேங்காய்ப்பூச் சக்கை, பழத்தோல். அது மட்டும் தனியாப் போயிட்டா மிச்சக் குப்பை நாறாது, ஊறாது, கையில எடுக்கலாம். இந்த ஒரு விசயத்தை மட்டும் நீங்க செய்து, வேற ஒண்டும் செய்யாட்டிக்கூட பாதிக்கிணறு தாண்டியாச்சு எண்டுதான் சொல்லுவன்.

நிறம் பற்றிக் கேட்கிற ஆக்களுக்கு: இலங்கையில பொதுவா பச்சை வாளி உக்கிறதுக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக் பொலித்தீனுக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கும் சிரட்டைக்கும். வீட்டில அஞ்சு வாளி தேவையில்ல. உக்கிறதுக்கு மூடியுள்ள ஒரு வாளி, பிறகு கொல்லைக்குள்ள மழைபடாத இடத்தில ஆணியில தொங்கவிட்ட மூண்டு சாக்கு, ஒண்டு போத்தலுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்குக்கும், ஒண்டு பேப்பருக்கும் மட்டைக்கும், ஒண்டு ரின்னுக்கும் கண்ணாடிக்கும். காணும்.

இப்ப தண்ணிப் போத்தல், சோடாப் போத்தல். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் நடத்துற ஆக்களும் கோயில் திருவிழாவுக்குத் தாகசாந்தி வைக்கிற பொடியன்மாரும் இந்தப் பகுதியை வடிவா வாசிக்கோணும், ஊரில கூடச் சேர்றது இதுதான். போத்தலின்ட அடியைத் திருப்பிப் பாருங்கோ, அம்பு சுத்தி வாற முக்கோணத்துக்குள்ள 1 எண்டு இருக்கும், அது பெட் எண்டுற பிளாஸ்டிக். மூடி வேற சாதி, 2 இல்லாட்டி 5. சுத்தி ஒட்டியிருக்கிற லேபல் இன்னொரு சாதி. ஒரு போத்தலுக்குள்ளயே மூண்டு சாமான்.

இந்தப் போத்தல் மில்லுக்குப் போற தூரத்தை யோசியுங்கோ. இலங்கையில பெட் போத்தலை அரைச்சு நூலாக்கிற பெரிய ஆலை ஹொரணையில இருக்கு, ஈகோ ஸ்பின்டில்ஸ் எண்டு பேர். திருகோணமலையில இருந்து கந்தளாய், ஹபறணை தாண்டிக் கொழும்புக்கே கிட்டத்தட்ட 260 கிலோமீட்டர், ஹொரணை அதுக்கும் அங்கால. நசிக்காத போத்தலை லொறியில ஏத்தினா அந்தத் தூரம் முழுக்கக் காத்தைத்தான் ஏத்திக்கொண்டு போறது, டீசல் காசுக்கே கட்டாது, வாங்கிறவர் எங்கட ஊர்ப் போத்தலை வேண்டாம் எண்டுறதுக்கு இதுவே காணும். அதுக்காகத்தான் நசிச்சு அழுத்திக் கட்டுக்கட்டா அனுப்புறது. மூடி பூட்டிக் கிடந்தா போத்தல் நசியாது, உள்ளுக்கு அடைஞ்ச காத்து நிண்டு எதிர்க்கும், கட்டும் அறுந்துபோகும். நீங்க செய்யவேண்டியது: மூடியைத் திறங்கோ, மிச்சத் தண்ணியை ஒரு பூச்செடிக்கு ஊத்துங்கோ, லேபல் இழுத்தா வாறதெண்டா இழுத்து எடுங்கோ, காலால மிதிச்சுச் சப்பையாக்குங்கோ, மூடிகளை வேற ஒரு சின்னப் பைக்குள்ள சேருங்கோ. ஒரு போத்தலுக்குப் பத்து செக்கன் பிடிக்காது.

கடற்கரையில பொறுக்கின போத்தலெண்டா ஒரு வேலை கூட இருக்கு, உள்ளுக்குள்ள மண் இருக்கும், தண்ணி விட்டுக் குலுக்கி ஊத்தி எடுக்கோணும். மில்லில போத்தலை அரைக்கிற மெசினுக்குள்ள இருக்கிறது கத்தி, கடல்மண் போனா கத்தி மழுங்கிப்போகும், அதால மண் போத்தலுக்கு விலையும் குறைவு, சிலபேர் எடுக்கவே மாட்டாங்க. டச் பே, உப்புவெளிக் கடற்கரை துப்புரவாக்கிற பொடியன்மார் உண்மையில நல்ல வேலை செய்யிறாங்க, சாக்குக் கட்ட முந்தி இந்தக் குலுக்கல் ஒண்டையும் சேர்த்துச் செய்தா அவங்கட அந்த உழைப்பு வீணாப் போகாது.

மில்லுக்குள்ள போனதும் முதல் வேலை நிறம் பிரிக்கிறது. நிறமில்லாத போத்தலுக்குத்தான் நல்ல விலை, அதை எந்த நிறமாவும் மாத்தலாம், பச்சைப் போத்தல் கடைசி வரைக்கும் பச்சைதான். பிறகு சின்னச் சின்னத் துண்டா வெட்டி, கோஸ்டிக் சோடா போட்ட சுடுதண்ணியில கழுவி பசையும் எண்ணெயும் எடுத்து, பெரிய தண்ணித் தொட்டியில விடுவாங்க. பெட் தண்ணியை விடப் பாரம், தண்ணி ஒரு லீட்டர் ஒரு கிலோ எண்டா பெட் அதே அளவுக்கு 1.38 கிலோ, அதால அடியில தாழ்ந்துபோகும், மூடித்துண்டு தண்ணியை விட லேசு, மேல மிதக்கும், வழிச்சு எடுக்கலாம். பிவிசிதான் இங்க ஆபத்து. அதுவும் பெட் மாதிரியே தாழும், தொட்டி பிரிக்காது, பெட் உருகிற 250, 260 பாகை சூட்டில பிவிசி கருகி அமிலம் விடும், முழு உருக்கலும் மஞ்சளடிச்சுப் பழுதாப் போகும். அதால பைப் துண்டு, வயர்த் தோல், பழைய ரெக்சின் இதுகளைப் போத்தல் சாக்குக்குள்ள போடவே கூடாது.

கழுவின துண்டைச் சரியாக் காயவைச்சுத்தான் உருக்கிறது, ஈரம் இருந்தா பிளாஸ்டிக்கின்ட பலம் போய் இழை அறுந்துபோகும். உருகினதைக் கண்ணுக்குத் தெரியாத சின்ன ஓட்டைகளால தள்ளி இழுத்தா நூல். உடுப்புக்குப் போகுது, தும்புத்தடி பிரஷ் மயிருக்குப் போகுது. 2019 உலகக் கிண்ணத்தில இலங்கை கிரிக்கெட் டீம் போட்ட ஜேர்சி ஞாபகம் இருக்கா, கடற்கரையில சேர்த்த பிளாஸ்டிக்கில இருந்து எடுத்த நூலிலதான் எம்ஏஎஸ் எண்டுற உடுப்புக் கொம்பனி அதைச் செய்தது. பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, அவங்க பிறகு தாங்களே மூடி கழட்டுவாங்க.

மற்றப் பிளாஸ்டிக்குகளைச் சுருக்கமாச் சொல்லுறன். 2ம் நம்பர் ஷாம்புப் போத்தல், குளோரின் போத்தல், எண்ணெய்க் கான். 5ம் நம்பர் வாளி, ஐஸ்கிறீம் பெட்டி, உடைஞ்ச பிளாஸ்டிக் கதிரை. ரெண்டுக்கும் நல்ல வாங்கல் இருக்கு, அரைச்சு உருக்கிக் குருணியாக்கித் திரும்ப பேசின், வாளி, பைப்பெண்டு வரும். யோகட் கப் சிலது 5, சிலது 6, அடியைப் பார்த்துத்தான் போடோணும், நக்கின கப்பைக் கழுவாமப் போட்டா எறும்பும் நாத்தமும்தான் மிச்சம். கழுவுறதுக்கு நல்ல தண்ணி செலவழிக்கத் தேவையில்ல, அரிசி கழுவின தண்ணியோ கோப்பை கழுவின கடைசித் தண்ணியோ காணும், வைகாசி ஆனி வெயிலில கிணறு இறங்கிற நேரம் இதையும் யோசிக்கத்தான் வேணும். சொப்பிங் பை, பாண் சுத்தி வாற பை 4ம் நம்பர் இல்லாட்டி 2, காய்ஞ்சு சுத்தமா ஒரு பைக்குள்ள அமத்திச் சேர்த்தா எடுப்பாங்க, கறுப்புப் பொலித்தீனா, குப்பைப் பையா வரும். ஈரப் பையை ஆரும் எடுக்கமாட்டாங்க, பையின்ட பாரத்தை விட அதில ஒட்டின தண்ணிதான் கூட.

இனி போக இடமே இல்லாத சாமான். பால்மா பைக்கற், பிஸ்கட் பைக்கற், சிப்ஸ் பைக்கற், ஷாம்பு சஷே. உள்ளுக்கு வெள்ளி மாதிரி மினுங்கிறதெல்லாம் ரெண்டு மூண்டு பிளாஸ்டிக்கையும் மெல்லிய அலுமினியத்தையும் சேர்த்து ஒட்டினது, அதைத் திரும்பப் பிரிக்க லேசான வழியில்ல. இதுக்கு இருக்கிற நல்ல முடிவு சீமெந்து ஆலைச் சூளைதான், புத்தளத்தில இன்சீ சீமெந்து ஆலையில இப்படிக் குப்பையை எரிபொருளாப் பாவிக்கிறாங்க, சூளைக்குள்ள 1450 பாகை அளவு சூடு, அந்தச் சூட்டில நச்சுப்புகை பெரும்பாலும் மிஞ்சாது. எங்கட வளவுக்குள்ள மாலை நேரம் கொளுத்துற நெருப்புக்கு அந்தச் சூடு வராது, அதால டயொக்சின் மாதிரி நஞ்சு பக்கத்து வீட்டுத் தொட்டில் பிள்ளைக்குத்தான் போகும். 2017 செப்டெம்பரில வந்த சட்டத்தில குப்பையைத் திறந்தவெளியில எரிக்கிறதையும் தடை செய்தாச்சு, அதே நேரம் 20 மைக்ரோனுக்குக் குறைஞ்ச பொலித்தீன், லஞ்ச் சீட், றெஜிபோம் பெட்டியையும் தடுத்தது. 2023 ஒக்டோபரில ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் மாலை எல்லாம் சேர்ந்தது. இதுகளையும் வாங்கிறதுக்கு ஆள் இல்ல. அதால இந்தச் சாமானைப் பிரிக்க மினக்கெடாதீங்கோ, வாங்கிறதைக் குறையுங்கோ: சின்னப் பைக்கற் நாலுக்குப் பதிலாப் பெரிசு ஒண்டு, கலியாண வீட்டுக்கு வாழையிலை, சந்தைக்குப் பன்பை.

வாங்க ஆளில்லாத பொலித்தீன் மேட்டிலயும் ரோட்டிலயும்தான் கிடக்கும். எங்கட ஊர் மானைப் பாருங்கோ, கோட்டைக்குள்ள மட்டுமில்ல ரவுணுக்குள்ளயும் வந்து குப்பைப் பையைக் கிழிச்சு சோறு தேடுது, உப்பும் எண்ணெயும் ஒட்டின லஞ்ச் சீட்டைச் சோத்தோட சேர்த்து விழுங்குது, அது செமியாம வயித்துக்குள்ள உருண்டு நிண்டு மான் செத்துப்போகுது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில யானையளுக்கும் இதே கதிதான். கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லையில 2017 சித்திரைப் புதுவருசத்தன்று குப்பை மேடு சரிஞ்சு 32 பேர் போனதும் எங்களுக்குத் தெரியும். ட்ரக்டர் வாற நாள் விடிய மட்டும் பையை வெளிய வையுங்கோ, முதல்நாள் இரவு வைக்காதீங்கோ, வைச்சாலும் மூடியுள்ள வாளிக்குள்ள.

பேப்பர். இதில எங்கட ஊருக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கு, ஐப்பசியில தொடங்கித் தை வரைக்கும் மாரி. நனைஞ்ச மட்டைப்பெட்டி பூஞ்சணம் பிடிச்சுடும், கடைக்காரரும் ஈரத்துக்குக் கழிச்சுத்தான் நிறுப்பார். அதால கார்த்திகை மார்கழியில சேர்த்துவைக்காம உடனுக்குடன் குடுக்கிறது நல்லம், இல்லாட்டி வீட்டுக்குள்ள கட்டிலுக்குக் கீழ. மட்டைப்பெட்டியை விரிச்சுத் தட்டையாக் கட்டுங்கோ, செலோடேப்பை உரிச்சு எடுங்கோ. பள்ளிக்கூடக் கொப்பிக்குப் பொலித்தீன் உறை போட்டிருந்தா கழட்டுங்கோ. பழைய பத்திரிகை அனேகமா ஆலைக்கே போறதில்ல, நேரா கச்சான் சரைக்கும் கடைச் சாமான் சுத்தவும்தான் போகும், அதுவும் நல்லதுதான், உருக்காம அரைக்காம இன்னொரு பாவனை. ஆலைக்குப் போறதைத் தண்ணியில போட்டுக் கூழாக்கி, கம்பி, பிளாஸ்டிக் எல்லாம் வடிச்சு, திரும்பத் தட்டையா இழுத்துக் காயவைக்கிறது. எண்ணெய் பட்ட பேப்பர் அந்தக் கூழுக்குள்ள கலந்தா எண்ணெய்ப் பொட்டுப் பொட்டாக் காகிதத்தில நிக்கும், அதால சோத்துப் பார்சல் சுத்தினது, ரோல்ஸ் வைச்ச பேப்பர், டிஷ்யூ எல்லாம் உக்கிற வாளிக்கு. ஒவ்வொரு முறை கூழாக்கிறபோதும் நார் உடைஞ்சு கட்டையாகும், அஞ்சு ஏழு முறைக்கு மேல தாங்காது, கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பானமாதிரி கொப்பித்தாள் மட்டையாகி, மட்டை முட்டைத் தட்டாகி முடிஞ்சுபோகும். பாங்க் கடிதம், மருந்துத் துண்டில பேர், அடையாள அட்டை நம்பர் இருந்தா கிழிச்சுப் போடுங்கோ.

கண்ணாடியும் ரின்னும் லேசான விசயம். சாராயப் போத்தல், பியர்ப் போத்தல் உடையாம இருந்தா கழுவித் திரும்ப நிரப்பப் போகும், அதுக்குத்தான் போத்தல்காரர் முழுசா இருக்கா எண்டு விளிம்பைத் தடவிப் பார்க்கிறது. மற்றதுகள் நொறுக்கி 1500 பாகை வரைக்கும் சூட்டில உருக்கிப் புதுப்போத்தலாகும், கண்ணாடி எத்தனை தரமும் உருக்கலாம், தரம் குறையாது. முகம் பார்க்கிற கண்ணாடி, பீங்கான், பல்ப் இதுக்குள்ள சேராது. ரின்மீன் ரின் இரும்பு, சோடாக் கான் அலுமினியம், காந்தம் ஒட்டினா இரும்பு. அலுமினியத்தைக் கட்டாயம் குடுங்கோ, மண்ணில இருந்து புதுசா எடுக்கப் போற சக்தியில 5 வீதம்தான் திரும்ப உருக்கப் போகும். ரின்னைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கோ. 2017ல கிண்ணியாவில டெங்கு எவ்வளவு பேரைப் படுத்தினது எண்டு ஞாபகம் இருக்கும், ரின்னிலயும் சிரட்டையிலயும் யோகட் கப்பிலயும் மழைத்தண்ணி ஒரு கிழமை பத்து நாள் நிண்டா நுளம்புக்குக் காணும்.

சாக்குக்குள்ள கை விடுற ஆளை நினைச்சு ரெண்டு விசயம். சீனி வருத்தக்காரர் வீட்டில இருக்கிற இன்சுலின் ஊசியை ஒருநாளும் பையில போடாதீங்கோ. கெட்டியான ஷாம்புப் போத்தல் ஒண்டுக்குள்ள சேர்த்து, மூடியை இறுக்கிப் பூட்டி, மேல 'ஊசி' எண்டு எழுதி, கிளினிக்குக்குப் போற நேரம் அங்க கேட்டுக் குடுங்கோ. கையுறையைத் தாண்டிக் குத்தும், குத்தினா சாக்குப் பிரிக்கிற அந்தப் பிள்ளைக்கு மாசக்கணக்கா இரத்தப் பரிசோதனையும் பயமும்தான். உடைஞ்ச கண்ணாடியைப் பத்திரிகையில நாலு சுத்துச் சுத்தி, கட்டி, தனியாக் கையில குடுங்கோ, வாயால சொல்லியும் விடுங்கோ. போன் பற்றரியும் இதே மாதிரித்தான், நசிஞ்சா தீப்பிடிக்கும், தனியா.

உக்கிறது சபைக்குப் போனா நீளக் குவியலாப் போட்டு, கிழமைக்குக் கிழமை புரட்டி, உள்ளுக்கு 55, 60 பாகை சூடு ஏறி, மூண்டு மாசமளவில அரிச்சுப் பசளையாகும். அதுக்குள்ள கண்ணாடித்துண்டோ பொலித்தீனோ வந்தா தோட்டக்காரர் வாங்கமாட்டார், அங்கயும் அதே கதைதான். வளவு இருக்கிற ஆக்கள் வீட்டிலயே செய்யலாம்: ஓட்டை போட்ட பழைய பரல், ஒரு பங்கு சமையல் கழிவுக்கு ரெண்டு பங்கு காய்ஞ்ச சருகு, பத்து நாளைக்கொருக்கா கிளறல். மீன் கழிவைப் பரலில போடவேண்டாம், நாய் பிரட்டும், வாழைக்குக் கீழ ரெண்டடி தாட்டுவிடுங்கோ.

உங்கட பகுதியில பிரிச்சுக் குடுத்தும் ஒண்டாக் கலந்து ஏத்துறாங்க எண்டா, முதல்ல ட்ரக்டரில வாற அண்ணாமாரோடயே கதையுங்கோ, எந்த நாளில எந்தக் குப்பை எடுக்கிறது, எதைத் தனியாத் தந்தா தனியா வைப்பீங்க எண்டு. அனேகமா அவங்களுக்கே விக்கக்கூடியது எது எண்டு வடிவாத் தெரியும். அதுவும் சரிவராட்டி காய்ஞ்ச சாமானை ட்ரக்டருக்குக் குடுக்கவே வேண்டாம். ஒரு வீட்டுச் சாக்குக்காகப் பழைய இரும்புக் கடைக்காரர் வரமாட்டார், ஒழுங்கையில பத்து வீடு சேர்ந்து ஒரு வீட்டுத் தாவாரத்தில ஒரு மாசம் சேர்த்து வைச்சா வருவார். போன் எடுக்கேக்க போத்தல் எத்தனை சாக்கு, மட்டை எத்தனை கட்டு, எல்லாம் காய்ஞ்சது, போத்தல் நசிச்சது எண்டு சொல்லுங்கோ, அதைச் சொன்னாத்தான் அவர் லாண்ட்மாஸ்ரரைக் கொண்டு வாறதா சைக்கிளில வாறதா எண்டு முடிவெடுப்பார். மாரிக்கு முந்தி, புரட்டாசியில ஒருக்காக் கூப்பிட்டுத் தாவாரத்தை வெறுமையாக்கி வையுங்கோ.